எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

1

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் ஈழப் பெண் கவிஞர்களைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சங்கரி, ஔவை, ஊர்வசி, சிவரமணி, செல்வி எனக் கரும்பலகையில் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரிக் குறிப்பும் எழுதினேன். செல்விக்கு நேராக, ‘1991இல் காணாமல் போனார், பின்னர் கொல்லப்பட்டார்’ என்று எழுதியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண்.

“யாரால மேம்?”

“அதுல பல கருத்து இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கவிஞருக்குப் போனேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் இலங்கைத் தமிழர் முகாமொன்றில் பிறந்து வளர்ந்தவள் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் எங்களைப் போலவே வடசென்னைத் தமிழ் பேசுவாள். கைபேசியில் அம்மம்மா அழைத்தால் மட்டும் ‘ஓம்’, ‘சொல்லுங்கோ’ என்று பேச்சு மாறிவிடும். அன்று அவள் பதில் தெரியாமல் கேட்கவில்லை. நான் சொல்வேனா என்று பார்க்கத்தான் கேட்டாள்.

செல்வி விஷயத்தில் பல கருத்துகள் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்தவர், ‘தோழி’ என்ற பெண்ணிய இதழின் ஆசிரியர் செல்வநிதி தியாகராஜா. 1991 ஆகஸ்ட் 30 அன்று அவரைப் பிடித்துச் சென்றவர்கள் விடுதலைப் புலிகள். அவர் உயிருடன் இல்லை என்பது 1997இல்தான் உறுதியானது. ஆக, வகுப்பில் நான் சொன்னது பொய். பெண்ணியம் பேசுகிறவள், கவிதை எழுதுகிறவள், அந்தப் பாடத்திலேயே முனைவர் பட்டம் வாங்கியவள் சொன்ன பொய்.

வீட்டுக்கு வந்து என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே வாக்கியம் அங்கேயும் இருந்தது. முதல் வரைவில் ‘யாரால்’ என்று எழுதியிருந்தேன். “அது வேண்டாம்மா, வாய்மொழித் தேர்வுல வம்பு வரும்” என்றார் என் நெறியாளர். அவர்மேல் பழியைப் போட மாட்டேன். அவர் ஒருமுறைதான் சொன்னார். நான் உடனே நீக்கினேன், அதுவும் நிம்மதியோடு நீக்கினேன்.

இந்தக் கட்டுரை அந்த நிம்மதியைப் பற்றியது. அடக்குமுறை ஆட்சிகளையும் அவற்றை எதிர்த்து நின்றவர்களையும் ஜனநாயக நாடுகள் எப்படி எதிர்கொள்கின்றன என்ற கேள்வியை வெளியுறவு விவகாரம் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறோம். அது வாசிப்பு சார்ந்த கேள்வியும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டெல்லியும் ஒட்டாவாவும் கான்பெராவும் ஓர் எதிர்ப்பாளரை வாசிக்கும் விதத்துக்கும், தமிழ்நாட்டில் ஒரு வகுப்பறை அவரை வாசிக்கும் விதத்துக்கும் அதிக வேறுபாடு இல்லை. இரண்டுமே அவர் பிறரைச் சுட்டிய பக்கத்தைச் சத்தமாக வாசிக்கின்றன. தங்களைச் சுட்டிய பக்கத்தைப் புரட்டிவிடுகின்றன.

2

நான் வசிக்கும் திருவொற்றியூரில் வடிவுடையம்மன் கோயிலுக்குள் வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இங்கே வந்தாள் என்றும், சிவன் அவளோடு தாயம் ஆடி, காய் கிணற்றில் விழ, எடுக்க இறங்கியவள்மேல் வட்டமான பாறையை மூடிவிட்டார் என்றும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சின்ன வயதில் என் ஆயா இதைச் சொல்லும்போது, “அப்புறம் அவ வெளிய வரவே இல்லையா?” என்று கேட்பேன். “அதான் கும்பிடுறோம்ல” என்பார். மூடிவைத்ததும் கும்பிடுவதும் ஆயாவுக்கு ஒரே வாக்கியத்தில் அடங்கிய விஷயங்கள்.

பிற்பாடு சிலப்பதிகாரத்தை ஆசிரியராக நின்று படித்தபோதுதான் வஞ்சிக் காண்டத்தின் அரசியல் பிடிபட்டது. மதுரைக் காண்டத்தைக் கொண்டாடுகிற நாம் வஞ்சிக் காண்டத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். ஓர் அரசின் அநீதியை எதிர்த்த பெண்ணை இன்னோர் அரசு என்ன செய்யும் என்பதுதான் அதன் பொருள். பாண்டியனின் அவையில் வழக்குரைத்தவள் சேரநாட்டு மலைக்கு வருகிறாள். அவளை நேருக்கு நேர் பார்த்து, ‘நீ யார்’ என்று கேட்டவர்கள் குன்றக் குறவர்கள். அவளும் அவர்களுக்கு மறுமொழி சொல்கிறாள். செங்குட்டுவன் அவளைச் சந்திப்பதில்லை. செய்தியாகக் கேட்கிறான். அப்போது அவள் இவ்வுலகில் இல்லை.

பாண்டியன் தேவியா, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியா, யாரைப் போற்றுவது என்று அரசன் அரசியைக் கேட்கிறான். நம் நாட்டுக்கு வந்தவளையே என்கிறாள் வேண்மாள். அங்கிருந்து கதை வடக்கே திரும்புகிறது. இமயத்தில் கல் எடுக்கப் படை புறப்படுகிறது. தமிழ் அரசரைப் பழித்த கனகனும் விசயனும் தோற்று, அந்தக் கல்லைத் தலையில் சுமக்கிறார்கள். கோயில் விழாவுக்கு இலங்கைக் கயவாகு உட்பட அரசர்கள் வருகிறார்கள்.

கண்ணகி எழுப்பிய கேள்வி, ஆராயாமல் ஓர் அரசு தண்டிக்கலாமா என்பது. செங்குட்டுவன் அந்தக் கேள்வியைத் தன் நாட்டுக் காவலரையும் சிறைகளையும் நோக்கித் திருப்பினானா என்று காப்பியம் சொல்லவில்லை. அவளுடைய கோபம் அவன் படையெடுப்புக்குக் காரணமாகிறது, அவன் புகழுக்குக் கல்லாகிறது. நான் செங்குட்டுவனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இளங்கோ இதையெல்லாம் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஓர் ஐயம். குறவர்கள் கேட்டதையும் அரசன் கேட்காததையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

அண்டை நாட்டு எதிர்ப்பாளரைப் போற்றுவதில் ஓர் அரசுக்கு மூன்று வசதிகள் உண்டு. அவர் இறந்திருக்க வேண்டும். அவர் சுட்டிய குற்றவாளி வேறொருவராக இருக்க வேண்டும். அவர் பெயரில் நமக்கும் ஏதாவது ஆதாயம் வேண்டும். மூன்றும் பொருந்தாத ஒரு பெண்ணை என்ன செய்வது?

3

ரஜனி திராணகம அப்படிப்பட்டவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர், இரண்டு பெண்களுக்குத் தாய். அவருடைய அக்கா நிர்மலா 1982இல் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். மேற்படிப்புக்காக பிரிட்டனில் இருந்த ரஜனி அக்காவின் விடுதலைக்காகவும் இலங்கை அரசின் ஒடுக்குமுறைக்கு எதிராகவும் அங்கே இயங்கினார். புலிகள் இயக்கத்தோடு அவருக்கு நெருக்கமும் இருந்தது. குற்றம்சாட்டப்பட்டது கொழும்பு என்பதால் அவரைக் கேட்க லண்டனிலும் ஆள் இருந்தது, சென்னையிலும் ஆள் இருந்தது.

இயக்கத்தின் வழிமுறைகள் பற்றிய கேள்விகளோடு 1986இல் அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, இந்திய அமைதிப்படை வந்தது, அக்டோபரில் அது புலிகளோடு போரில் இறங்கியது. தீபாவளியன்று, அக்டோபர் 21இல், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியச் சிப்பாய்கள் நோயாளிகளையும் தாதியரையும் மருத்துவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக இந்தியாவில் எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

ரஜனியும் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ அந்த ஆண்டுகளின் ஆவணம். அதில் பெண்களின் அனுபவங்களைத் தொகுத்த பகுதி ரஜனியுடையது. வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதியது. இந்தியச் சிப்பாய்களால் வல்லுறவுக்கு ஆளான பெண்கள் அதில் பேசுகிறார்கள். அந்தப் பெண்களை அவர்களுடைய சொந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதும் அதிலேயே இருக்கிறது. நூலின் மற்றப் பகுதிகளில் இலங்கை அரசின் குற்றங்களும், புலிகளும் பிற இயக்கங்களும் செய்த கொலைகளும் வருகின்றன. எந்தத் தரப்புக்கும் முழுதாக உதவாத நூல் அது.

1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ரஜனி சுடப்பட்டார். வயது 35. அவருடைய தோழர்களும் குடும்பத்தினரும் புலிகளையே பொறுப்பாளிகளாகச் சொல்லிவருகிறார்கள். இயக்கம் பொறுப்பேற்கவில்லை. அமைதி காக்க வந்த படையொன்றின் பொறுப்பில் யாழ்ப்பாணம் இருந்த நாட்களில் அது நடந்தது. நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1990இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அச்சானது.

அதே 1990 மார்ச் இறுதியில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அன்று இரவு எங்கள் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. தமிழர்களைக் கொன்ற படையை ஒரு தமிழன் எப்படி வரவேற்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. போகாதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பெருமை எங்கே நின்றது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வரவேற்பைப் புறக்கணித்த நாம் விசாரணை கேட்டு அதே வேகத்தில் நிற்கவில்லை. அந்தப் பெண்களின் வாக்குமூலத்தைத் தொகுத்தவர் ஆறு மாதத்துக்கு முன்தான் இறந்திருந்தார். அவரை முன்வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் எப்படி இறந்தார் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். இந்தியாவைக் கேட்க விரும்பியவர்களுக்குப் புலிகள் பற்றிய பக்கங்கள் இடைஞ்சல். புலிகளைக் கண்டிக்க விரும்பியவர்களுக்கு இந்தியப் படை பற்றிய பக்கங்கள் இடைஞ்சல். இரண்டு தரப்புக்கும் வசதியான முடிவு அவரைப் படிக்காமலிருப்பது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2009 முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அந்த மறுப்பு இன்னும் வலுத்திருக்கிறது. அந்தப் போரின் இறுதி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. இவ்வளவு பெரிய அழிவுக்கு முன்னால் புலிகளின் குற்றங்களைப் பேசுவது கொழும்புக்குச் சாட்சி சொல்வதாகாதா என்று கேட்கிறார்கள். இதை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ரஜனியின் பெயரை மேற்கோள்போல் எடுத்துவந்து ஒட்டுமொத்தத் தமிழ்க் கோரிக்கையையும் கொச்சைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துப் படிக்கிறவர்கள்தாம். அதற்கு மருந்து நாம் வேறொரு பக்கத்தைக் கிழித்தெடுப்பது அல்ல. முழு நூலையும் ஒரே வகுப்பில் மேசைமேல் வைப்பது.

4

‘சொல்லாத சேதிகள்’ யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டத்தின் வெளியீடாக 1986இல் வந்தது. பத்துப் பெண்களின் கவிதைகள் கொண்ட அந்தச் சிறு தொகுப்புக்குப் பின்னால் சித்திரலேகா மௌனகுருவின் உழைப்பு இருந்தது. தமிழ்நாட்டில் பெண் கவிதை பற்றிய பெரிய விவாதங்கள் தொடங்கும் முன்பே வந்த நூல். பின்னர் அ. மங்கை தொகுத்து 2007இல் வெளிவந்த ‘பெயல் மணக்கும் பொழுது’ வழியாகத்தான் என் மாணவிகளில் பலருக்கு ஈழத்துப் பெண் கவிஞர்கள் அறிமுகமானார்கள். நூல்கள் கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

நம் தேர்வுத்தாள்களில் வரும் கேள்வியைப் பாருங்கள். ‘ஈழப் பெண் கவிதைகளில் வெளிப்படும் போர் அவலத்தை விளக்குக.’ அவலம் என்ற சொல் புயலுக்கும் பொருந்தும், கடல்கோளுக்கும் பொருந்தும். அதற்குச் செய்தவர் தேவையில்லை. இந்தப் பெண்கள் எழுதியது பெரும்பாலும் செய்தவரைப் பற்றி. வீட்டுக்குள் அப்பாவும் அண்ணனும், தெருவில் ராணுவம், சந்தியில் இயக்கம் என்று தங்களுக்குக் கட்டளையிட்ட ஒவ்வொருவரையும் அவர்களுக்குத் தெரியும். நாம் அதையெல்லாம் ‘போர்ச்சூழல்’ என்று வானிலை அறிக்கையாக மாற்றிவிட்டோம்.

சிவரமணி 1991 மே 19 அன்று, கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். இருபத்துமூன்று வயதுகூட நிறையவில்லை. எஞ்சியவற்றை 1993இல் சித்திரலேகா மௌனகுரு நூலாக்கினார். என் இருபதுகளில் சிவரமணிக்கு ஒரு கவிதை எழுதினேன். பலர் பாராட்டிய கவிதை. இப்போது படித்தால் அதில் தீ இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, பறவைகூட இருக்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தைப் புலிகள் ஆண்டார்கள் என்பதும், கேள்வி கேட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் மறைந்தோ வெளியேறியோ வாழ்ந்தார்கள் என்பதும், வெளியே அரசின் முற்றுகையும் குண்டுவீச்சும் இருந்தன என்பதும் இல்லை. ஒருவரின் தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் எழுத எனக்கு உரிமையில்லை. அவர் மூச்சுவிட்ட காற்று எப்படியிருந்தது என்று எழுதாமலிருக்கவும் உரிமையில்லை.

அவர் இறந்து இரண்டே நாளில், மே 21 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் தமிழ்நாட்டில் ஈழத்தமிழர் எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். முகாம்களில் கெடுபிடி கூடியது. சில ஆண்டுகள் முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவுகள் அடைபட்டன. அந்த அமைப்பால் துரத்தப்பட்டு வந்தவர்களும் அந்த அமைப்பின் பெயரால் சந்தேகிக்கப்பட்டார்கள். அந்தக் கோடையில் இங்கே யாரும் சிவரமணியைக் கேட்கும் நிலையில் இல்லை. மூன்று மாதம் கழித்துச் செல்வியைப் பிடித்துச் சென்றபோதும் அதே நிலைதான். 1992இல் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பு சிறையிலிருந்த செல்விக்கு எழுதும் சுதந்திரத்துக்கான விருதை அறிவித்தது. நியூயார்க்கில் ஒலித்த பெயரைத் தமிழ்நாட்டின் வகுப்பறைகள் உச்சரிக்கப் பல ஆண்டுகள் ஆயின. விருது அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் பிடித்து வைத்திருப்பது யார் என்பதை மறைக்காமல் அவர் பெயரைச் சொன்னது.

இன்னொரு வாசிப்பும் உண்டு. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, 2009இல் சரணடைந்து, சிறையும் தடுப்பும் கண்டு, 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தபோது, இதை அவர் எழுதியிருக்க முடியாது, யாரோ எழுதிச் சேர்த்தது என்று பலர் சொன்னார்கள். பிரதியில் ஐயம் கொள்வது வாசகர் உரிமை. ஆனால் போர்க்களத்தில் ஒரு பெண் கட்டளையிட்டாள் என்று நம்பியவர்களுக்கு, அதே பெண் பின்னால் திரும்பிப் பார்த்துச் சிந்தித்தாள் என்பது மட்டும் நம்ப முடியாததாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். எதிர்த்துப் பேசும் ஆணைத் துரோகி என்பார்கள். பெண் என்றால், முதலில் அவள் பேசவேயில்லை என்பார்கள். அது முடியாதபோதுதான் துரோகி என்பார்கள்.

5

இப்போது அரசுகளுக்கு வருகிறேன். 2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைக் கழகத்தின் சிறப்புக் கூட்டத்தில், போரை முடித்த இலங்கையைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைப் பொறுப்புக்கூறச் சொல்லும் தீர்மானங்களை ஆதரித்தது. 2014இலும் 2021இலும் 2022இலும் வாக்களிக்காமல் விலகி நின்றது. நிலைப்பாடு மாறியதற்குப் புவிசார் அரசியல் காரணங்களை அறிஞர்கள் விளக்குவார்கள். நான் தமிழ் ஆசிரியை. விலகி நிற்பதை நான் ‘கொல்லப்பட்டார்’ என்ற வினைச்சொல்லோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன். மரணம் உண்டு, வருத்தமும் உண்டு, செய்தவர் மட்டும் இல்லை.

மேற்கின் ஜனநாயகங்கள் 2009இல் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தன. அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கொடுமையிலிருந்து தப்பியவர்கள் கப்பலில் வந்தபோது என்ன நடந்தது? 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த 492 தமிழர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, தடுத்து வைக்கப்பட்டார்கள். ‘தடுத்து வைக்கப்பட்டார்கள்’ என்று நானே எழுதுகிறேன் பாருங்கள். திருத்தி எழுதுகிறேன்: கனடிய அரசு அவர்களைத் தடுத்து வைத்தது. அதே கனடாவின் நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. இறந்தவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தது. உயிரோடு வந்தவர்கள் மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். ஆஸ்திரேலியா 2013 நவம்பரில் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளைத் தர முன்வந்தது. ஆட்கள் தப்பி வருவதைத் தடுக்கத்தான். 2014 ஜூலையில் 41 பேரை நடுக்கடலிலேயே இலங்கையிடம் ஒப்படைத்தது. செங்குட்டுவன்கூட வந்தவளைப் பாண்டிநாட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கைத் தமிழருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல சொல். உதவித்தொகையும் வீடுகளும் படிப்பும் கிடைப்பது பொய்யல்ல. ஆனால் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பட்டமும் வாங்கும் என் மாணவி எந்த நாட்டின் குடிமகள் என்ற கேள்விக்குப் பெயர் மாற்றத்தில் பதில் இல்லை.

ஜனநாயகமும் சர்வாதிகாரமும் ஒன்று என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. ‘முறிந்த பனை’ அச்சாக ஒரு கலிபோர்னியா இருந்தது. இந்தக் கட்டுரையை அச்சிட ஒரு சிறு பதிப்பகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ரஜனிக்குக் கிடைத்த பதில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. நான் இழக்கக்கூடியது சில அழைப்புகளும் சில நட்புகளும். அதனாலேயே என் ஆய்வேட்டின் அந்த வாக்கியம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பேசியதை, எந்த ஆபத்தும் இல்லாத நான் நீக்கினேன்.

6

இலக்கணம் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அந்த மாணவிதான் சொன்னாள். அடுத்த நாள் நானே அவளைத் தேடிப் போய், முந்தைய நாள் சொன்னது தவறு என்று சொன்னேன். பிறகு வகுப்பிலும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “‘கொல்லப்பட்டார்’கூடப் பரவால்ல மேம். ‘காணாமல் போனார்’னு எழுதுனீங்களே, அதுல எழுவாய் இருக்கு. செல்விதான் எழுவாய். அவங்களே போன மாதிரி” என்றாள்.

யாராவது ‘காணாமல் போனவர்’ என்று சொன்னால் அவளுடைய அம்மம்மா திருத்துவாராம்: “அவையள் தாங்களாப் போகேல்லை, பிள்ளை.”

வன்னியில் 2017 பிப்ரவரியிலிருந்து தெருவோரப் பந்தல்களில் படங்களோடு உட்கார்ந்த தாய்மார்கள் இதையேதான் செய்தார்கள். இலங்கை அரசு 2016இல் சட்டமியற்றி உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றிருக்கிறது. தாய்மார்கள் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். ஆக்கியவர் ஒருவர் உண்டு என்று சொல்லும் வினை அது. வவுனியாவில் அந்தத் தாய்மார்கள் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் ஏந்தி நின்ற படங்களைப் பார்த்து இங்கே சிலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி தோன்றவில்லை. கேட்பதற்கு ஆளில்லாதவர்கள், கேட்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களின் வாசலில் நின்றார்கள். அவர்களில் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

மாணவி இந்தச் சொற்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினாள். ‘போனோர்’ என்பதிலிருந்து ‘ஆக்கப்பட்டோர்’ வரை ஒரு வினைச்சொல் நடந்த தூரம்தான் அதன் பொருள். அரசு, இயக்கம், அமைதிப்படை மூன்றையும் அதில் பெயரிட்டிருந்தாள். நான் படித்த மாணவர் கட்டுரைகளில் ஆகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். முந்தின நாள் இரவு ஃபோன் செய்தாள். முகாமில் கணக்கெடுக்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்னவாகும் என்று அம்மம்மா பயப்படுகிறார் என்றாள். யாரும் மிரட்டவில்லை. மிரட்டத் தேவையுமில்லை. “நாங்கள் இஞ்ச இன்னொருத்தற்ற தயவில இருக்கிறம்” என்றாராம்.

“நீங்க படிச்சிடுங்க மேம். என் பேரு வேணாம்.”

படித்தேன். ‘ஒரு மாணவி எழுதியது’ என்று சொல்லித்தான் படித்தேன். கேட்டவர்கள் பாராட்டினார்கள், யார் எழுதியது என்றும் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. அந்தக் கட்டுரை எந்த நூலிலும் வரவில்லை. இங்கே நான் எழுதியதில் எது சரியாக இருக்கிறதோ அதில் ஒரு பங்கு அவளுடையது.

இப்போது அந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் வாக்கியத்தை முழுதாக எழுதுகிறேன். யார் பிடித்துச் சென்றார்கள், எந்தப் படை சுட்டது, எந்த நாடு திருப்பி அனுப்பியது, எல்லாவற்றுக்கும் எழுவாய் போடுகிறேன். மாணவிகள் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதலில் கேள்வி கேட்டவளின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுத முடியவில்லை. அவளைப் பேசவிடாமல் செய்தது யார் என்று யாராவது கேட்டால், அங்கே புலிகளையோ கொழும்பையோ நான் காட்ட முடியாது. அந்த வாக்கியத்தின் எழுவாய் நாம்.